பிழிந்த எண்ணெய்

— வண்டிக்காரர் மூணாவது தடவையா ஹாரன் அடிக்கிறார். கையெழுத்தைப் போட்டுக் கொடும்மா.

— போட மாட்டேன் அண்ணி.

— விளையாடுறியா? ஐநூறு பாட்டில், முகத்துல தடவுற சீரம். லேபிள் ஒட்டி, பெட்டி கட்டி, படிக்கட்டு வரைக்கும் வந்தாச்சு. பரிசோதனைத் தாள்ல உன் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி.

— எலுமிச்சையிலேர்ந்து எடுத்த வைட்டமின் சி அளவு சரியா இருக்கு. நிறமும் மாறல. வாசனைக்கு ஊத்தினதுதான் தப்பு.

— வாசனையா? மூக்கைத் துளைக்குதே! ‘எலுமிச்சை சீரம்னு சொல்றீங்க, எலுமிச்சை வாசனையே காணோமே’ன்னு கடைக்காரம்மா போன தடவை மூஞ்சியைச் சுளிச்சாங்க, மறந்துட்டியா?

— அதுக்காகத்தானே தோல் எண்ணெய் சேர்த்தோம். நம்மகிட்ட ரெண்டு கேன் இருக்கு அண்ணி. ஒண்ணு காய்ச்சி வடிச்சது. இன்னொண்ணு தோலை அப்படியே பிழிஞ்சது, கழுவுற சோப்புக்கு வாங்கினது. இதுல விழுந்திருக்கிறது பிழிஞ்சது.

— ரெண்டும் எலுமிச்சைதானே?

— பிழிஞ்சதைத் தடவிக்கிட்டு வெயில்ல போனா தோல் வெந்துடும்.

— எந்தப் புஸ்தகத்துல போட்டிருக்கு?

— புஸ்தகம் எதுக்கு? இதோ, என் கையைப் பாருங்க.

— ஐயையோ! என்னம்மா இது, இம்மாம் பெரிய கொப்புளம்! அடுப்புல சுட்டுக்கிட்டியா?

— முந்தாநாள் இந்த சீரத்தைத் தடவிக்கிட்டு, உச்சி வெயில்ல மொட்டைமாடியில உக்காந்தேன். பக்கத்துல தடவாத இடத்தைப் பாருங்க, ஒண்ணுமே ஆகல.

— லூசா நீ? மருந்து ஏதாவது போட்டியா?

— போட்டேன். இது ஆறினாலும் கறுப்பு மாசக்கணக்குல நிக்கும். முகம் தெளியணும்னு ஆசைப்பட்டு வாங்குறவங்க முகத்துல, அண்ணி.

— சரி, கேட்டுக்கோ. ‘ராத்திரி மட்டும் தடவவும்’னு ஒரு சீட்டு ஒட்டிடலாம்.

— நம்ம பாட்டில் சீட்டை நீங்களே ஒரு நாள் படிச்சதில்ல. ஊர்ல இருக்கிறவங்க படிப்பாங்களா?

— வாய்க்கு ஒண்ணும் குறைச்சலில்ல. முதல் பெரிய ஆர்டர்ம்மா இது. உங்க அண்ணனுக்கு வேலை போனப்போ சமையல்கட்டுல ஆரம்பிச்சோம், இன்னிக்கு இந்த மாடி வரைக்கும் வந்திருக்கோம். சரக்கு போகலேன்னா கடைக்காரம்மா வேற ஆளைப் பார்த்துப்பாங்க.

— பார்த்துக்கட்டும். பத்து நாள் கொடுங்க, புதுசா கலக்கித் தர்றேன்.

— உன் பேருக்குப் பதிலா நானே கையெழுத்துப் போட்டா?

— போடுங்க. நான் இறங்கிப் போய் வண்டிக்கு முன்னாடி நிப்பேன்.

— நிப்பே, நிப்பே. உங்க குடும்பமே பிடிச்ச பிடியை விடாது. தள்ளு, ஜன்னலைத் திறக்கிறேன்… அண்ணே! வண்டிக்கார அண்ணே! இன்னிக்கு லோடு கிடையாது! நீங்க கிளம்புங்க! ஆமா, வெறும் வண்டியாத்தான்!

— அண்ணி…

— அழாதே. கடைக்காரம்மாகிட்ட நான் பேசிக்கிறேன், திட்டினா வாங்கிக்கிறேன். இப்ப சொல்லு, கலவை போடுறது நம்ம தாடிக்காரர்தானே?

— அவர்தான். ஆனா…

— ஆனா கீனா எல்லாம் வேண்டாம். ரெண்டு கேனுக்கு வித்தியாசம் தெரியாத மனுஷனுக்கு இங்க என்ன வேலை? நாளையிலேர்ந்து அவர் இந்தப் படி ஏறக் கூடாது. என் போன் எங்கே?

— போனை வைங்க அண்ணி.

— பாவம் பார்க்கிறியா? உன் கையைப் பாரு, வெந்து கிடக்கு! யாரால?

— இதைக் கலக்கின அன்னிக்கு, குழந்தைக்குக் காய்ச்சல்னு அவரை மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிட்டேன். கேனை மாத்தி எடுத்து ஊத்தினது நான்தான்.