ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

அன்புள்ள சுரேகா தங்கச்சிக்கு,

சோளகக் காற்று இன்னும் ஓயவில்லை. நேற்றுக் கொடியில் காயப்போட்ட என் சாரம் வேலி தாண்டிப் போய்க் கிருசாந்தனின் ஆட்டோவுக்கு மேல் கிடந்திருக்கிறது. அவன் அதை மடித்துக் கொண்டுவந்து தந்துவிட்டு, “சாரமே இப்பிடிப் பறக்குது அண்ணை, நாங்கள்தான் ஒண்டும் பறக்கவிடாமல் இருக்கிறம்” என்றான். நானும் சிரித்தேன். அவன் போனபிறகு உங்கள் குரல் செய்தியை மறுபடியும் போட்டுக் கேட்டேன்.

ஜனாவின் கடைசி ஒரு மணித்தியாலம் எப்படிப் போனது, அவன் ஏதும் சொன்னானா என்று கேட்டிருந்தீர்கள். மகள் தேனுகா அப்பாவின் பிளேனில் ஒரு துண்டாவது வேணும் என்று நிற்கிறாள் என்றும் சொல்லியிருந்தீர்கள். கடைசியில் எனக்கு நன்றி சொன்னீர்கள். “பரம் அண்ணை பக்கத்தில நிண்டது பெரிய ஆறுதல்” என்றீர்கள். அதற்குக் குரலில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால் எழுதுகிறேன். ஆறுதலாக வாசியுங்கள், அவசரமில்லை.

எங்கள் விளையாட்டைப் பற்றி ஜனா உங்களுக்குச் சொல்லியிருப்பான். ஆனாலும் ஒருதரம் சொன்னால்தான் மற்றது விளங்கும். வன்னியில் மலை இல்லை. எஞ்சின் இல்லாத ரிமோட் பிளேன் வானத்தில் நிற்க ஒரு சரிவும், அதில் மோதி மேலே எழும்பும் காற்றும் வேண்டும். எங்களுக்கு அந்தச் சரிவு கருங்காலிக்குளத்துக் கட்டுத்தான். சோளகம் தண்ணீருக்கு மேலால் வந்து கட்டின் கல்லில் மோதி மேலே போகும். அந்தக் காற்றில் பிளேனை விட்டால் கட்டோடு கட்டாகப் போய்த் திரும்பி வந்துகொண்டிருக்கும். ஜனா ஒருமுறை ஒரு மணியும் பத்து நிமிடமும் இறக்காமல் வைத்திருந்தான். கழுத்து நொந்து அடுத்தநாள் வயரிங் வேலைக்குப் போகவில்லை. ஊரில் ஜனா, கிருசாந்தன், நான் என்று எங்கள் மூன்று பேரையும் விசரர் என்றார்கள். அது உண்மைதான். ஐம்பத்தாறு வயது ஆள் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாமல் குளக்கட்டில் நின்று வானத்தைப் பார்த்தால் வேறு என்ன சொல்வார்கள்?

ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு காரணம் இருந்தது. சிறுபோக நெல்லுக்கு எங்கள் குளத்தில் செவ்வாயும் வெள்ளியும்தான் தண்ணீர் முறை. துருசை, அதுதான் குளத்து மதகை, திறந்துவிட்டால் அந்த இடத்தில் தண்ணீர் அடியால் இழுக்கும், ஒருவரும் இறங்கக்கூடாது. ஞாயிறு துருசு பூட்டு. எங்கள் பிளேன்கள் தண்ணீரில் விழாத நாளில்லை என்பதால் பூட்டிய நாளைத்தான் எடுத்துக்கொண்டோம். துருசைத் திருகும் இரும்புக் கைபிடி விவசாயிகளின் கமக்கார அமைப்புச் செயலாளரிடம் இருக்கும். பதினொரு வருடமாகச் செயலாளர் நான்தான்.

இன்னொரு வழக்கமும் உண்டு. பிளேனை எறியமுதல் ஒருவர் பின்னால் நின்று சரி பார்க்கவேண்டும். ரிமோட் வைத்திருப்பவர் தடியை ஆட்டுவார். வால் தகடு எந்தப் பக்கம் போகிறது என்று மற்றவர் பார்த்து “வலம், இடம், மேல், கீழ்” என்று சொல்லிக் கடைசியில் “சரி” என்பார். தகடு மாறி வேலைசெய்தால், பறக்கவிடுபவர் வலப்பக்கம் திருப்பத் திருப்ப அது இடப்பக்கம் போய்க் குத்தும். தன் கையால் செய்த சாமானில் பிழை கண்ணுக்குத் தெரியாது, அதனால்தான் மற்றவர் பார்ப்பது. சரி சொன்ன பிளேன் தண்ணீரில் விழுந்தால் சரி சொன்னவர்தான் இறங்கி எடுக்கவேண்டும் என்று கிருசாந்தன் ஒரு சட்டம் போட்டிருந்தான். எனக்கு மட்டும் விலக்கு. என் இடது முழங்காலுக்குள் ஷெல் துண்டு கிடக்கிறது, நீந்த ஏலாது. நான் சரி பார்த்த பிளேன் விழுந்தால் ஜனா இறங்குவான். ஒன்பது வருடத்தில் என் சரி ஒருதரமும் பிழைத்ததில்லை. நான் சரி என்றால் ஜனா திரும்பிப் பார்க்கமாட்டான்.

அவனை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. சொல்லியதில்லை. 2009க்குப் பிறகு என் வீட்டில் ஒருவரும் இல்லை. முகாமிலிருந்து வந்து தகரம் போட்டு, பிறகு கல்வீடு கட்டி, ஏழு வருடம் ஒரு கோப்பைதான் கழுவினேன். உங்களையும் கைக்குழந்தையையும் கனடாவுக்கு அனுப்பிவிட்டு ஜனா பின்வீட்டில் தனியாக இருக்கத் தொடங்கிய பிறகு இரண்டு கோப்பை. பின்னேரம் ஐந்து மணிக்கு அவன் சைக்கிள் வேலிப் படலையில் இடிக்கும் சத்தம் கேட்டால்தான் நான் கேத்தலை அடுப்பில் வைப்பேன்.

அவனைக் கனடாவுக்கு எடுக்க நீங்கள் போட்ட விண்ணப்பம் முதல்முறை மறுக்கப்பட்டபோது அவன் என் குசினியில் இருந்து அழுதான். முதுகைத் தடவிவிட்டேன். அன்றைக்கு இரவு நன்றாக நித்திரை கொண்டேன். இரண்டாம் முறை அவன் என் ஈமெயிலைத்தான் கொடுத்திருந்தான், தன்னுடையதைத் திறக்கத் தெரியாது என்று. முப்பது நாளுக்குள் இன்னுமொரு பத்திரம் அனுப்பும்படி ஒரு கடிதம் வந்தது. வாசித்தேன். பிறகு வாசிக்காதது போல அதைத் திரும்ப மாற்றி வைத்தேன். அழிக்கவில்லை. அழித்திருந்தால் அது வேறு விஷயம். முப்பத்தெட்டாம் நாள் அவனுக்குக் காட்டினேன், “இது எங்கையோ அடியில போய்க் கிடந்திருக்கு” என்று. அவன் என்னைத் தேற்றினான்.

மூன்றாம் முறை நீங்கள் எல்லாவற்றையும் உங்களுடைய ஈமெயிலுக்கு எடுத்துக்கொண்டீர்கள். என்னை நம்பவில்லையோ என்று மனம் நொந்தது.

விசா வந்த பின்னேரம் அவன் சைக்கிளைப் படலையில் இடிக்கவில்லை, வீதியிலேயே போட்டுவிட்டு ஓடிவந்தான். நான் அவனைக் கட்டிப்பிடித்தேன். ஆனி இருபத்திரண்டாம் திகதி பயணம். தேனுகா வீடியோவில், “அப்பா, பிளேனையும் கொண்டுவாங்கோ” என்று கேட்டாளாம். அந்தப் பிளேனைத்தான், நாங்கள் கொக்கு என்று கூப்பிடுவதை.

கொக்கை நானும் அவனுமாக மூன்று வருடம் செய்தோம். உடம்பு அவன், இறக்கை நான். மீன் பெட்டி ரெஜிபோமைச் சூட்டுக் கம்பியால் அறுத்து, பேப்பர் ஒட்டி, தேய்த்துத் தேய்த்துச் செய்த இரண்டரை மீற்றர் இறக்கை, ஒரே துண்டு. ஒரு நாள் அவன் வீட்டுக்குப் போனபோது அவன் கதிரையில் இருந்து இறக்கையின் நடுவில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் அளவெடுத்துச் செய்த மட்டைப் பெட்டி.

“நடுவால அறுத்தால்தான் அண்ணை பெட்டிக்கை போகும். அங்கை போய் ஒட்டலாம். பிள்ளை ஆசைப்பட்டுட்டாள்.”

“ஒட்டலாம்தான்” என்றேன்.

“அறுக்க முதல் ஞாயிறு ஒருக்காக் கடைசியா விடுவம், என்ன?”

“விடுவம்” என்றேன்.

மரண விசாரணையில் நான் சொன்னதை உங்களுக்கு வாசித்துக் காட்டியிருப்பார்கள். கடைவாய்க்கால் பொன்னையாவின் வயல் வாடுகிறது என்பதற்காக, முறையில்லாத நாளென்றாலும் அன்று விடியத் துருசைத் திறந்துவிட்டேன். பிறகு அதை மறந்துபோனேன் என்றேன். எல்லோரும் நம்பினார்கள். கிருசாந்தன் எனக்காக அழுதான். “வயசு போகுது, மறதிதானே. அண்ணையை ஒருத்தரும் ஒண்டும் சொல்லாதேங்கோ” என்று வீடு வீடாகச் சொன்னான். நல்ல பொடியன்.

ரிமோட்டுகள் சார்ஜ் போடுவது எப்போதும் என் வீட்டில். சனிக்கிழமை பின்னேரம் கொக்கின் ரிமோட்டில் வாலின் திசையை மாற்றிவிட்டேன். பின்பக்கத்தில் ஒரு சின்னப் பொத்தான், நகத்தால் தள்ளினால் போதும். என் எண்ணம் இதுதான்: கொக்கு அறுபடக்கூடாது, பயணம் போகவும் கூடாது. துருசுக்கு நேரேதான் கட்டு உயரம், அங்கே நின்றுதான் எறிவோம். விழுந்தால் துருசடியில் விழும். துருசு திறந்திருந்தால் குழாய் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். எனக்கும் இல்லை, அவனுக்கும் இல்லை. யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் பட்டது.

அன்று நல்ல காற்று. ஜனா நீலச் சேட்டுப் போட்டிருந்தான், நீங்கள் அனுப்பியது. கிருசாந்தன் கட்டின் மற்றத் தலைப்பில் தன் பிளேனுக்குப் பசை ஒட்டிக்கொண்டிருந்தான். நான் கொக்கின் பின்னால் நின்றேன். ஜனா தடியை வலப்பக்கம் தள்ளினான். தகடு இடப்பக்கம் போனது. “வலம்” என்றேன். இடப்பக்கம் தள்ளினான். “இடம்” என்றேன். மேலும் கீழும் ஒழுங்காக இருந்தன. “சரி” என்றேன்.

கொக்கு நேராகப் போய் அழகாக எழும்பியது. அவன் கட்டோரமாகத் திருப்பப் பார்த்தான், அது குளப்பக்கம் திரும்பியது. இன்னும் திருப்பினான், இன்னும் சரிந்தது. “என்னண்ணை இது” என்று கேட்டு முடியமுதல் தண்ணீரில் கிடந்தது. கல்லிலிருந்து ஒரு பத்து யார் இருக்கும். உடையவில்லை. இறக்கையை விரித்துக்கொண்டு மிதந்து, பிறகு மெதுவாகத் தன்னைத்தானே சுற்றத் தொடங்கியது. அது ஏன் சுற்றுகிறது என்று எனக்குத் தெரியும். ஜனா அலை என்று நினைத்தான்.

“கல்லில அடிபட்டால் இறக்கை போச்சு அண்ணை. நீங்கள் இருங்கோ, நான் எடுத்துக்கொண்டு வாறன்.” செருப்பைக் கழற்றினான். கழற்றிவிட்டு என்னைப் பார்த்தான். “இண்டைக்குத் துருசு பூட்டுத்தானே?”

நான் ஓமென்று தலையை ஆட்டினேன்.

நான்கு வீச்சில் நீந்திக் கொக்கைப் பிடித்துவிட்டான். ஒரு கையால் அதைத் தலைக்கு மேலே தூக்கிக்காட்டிச் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. “அண்ணை, கீழை இழுக்குது” என்றான். அவன் சொன்ன கடைசிச் சொல் அதுதான், நீங்கள் கேட்டீர்கள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை, எனக்கு ஒரு செய்தி சொல்வது போலச் சொன்னான். கொக்கைக் கல்லுப் பக்கமாகத் தள்ளிவிட்டான். இரண்டு கையாலும் நீந்தியிருக்கலாம், அவன் முதலில் கொக்கைத்தான் தள்ளினான்.

கைபிடி என் சைக்கிள் கூடைக்குள் இருந்தது. சைக்கிளுக்கு இருபது எட்டுத் தூரம். நான் நடந்து போனேன். என் காலோடு ஓட முடியாது என்று எல்லோருக்கும் தெரியும். திருகிப் பூட்டி முடிந்தபிறகுதான் கூப்பிட்டேன். கிருசாந்தன் ஓடிவந்து பாய்ந்தான். பூட்டியபடியால் ஜனாவை வெளியே எடுக்க முடிந்தது. நீலச் சேட்டில் ஒரு தெறியும் கழன்றிருக்கவில்லை. அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு நான் அழுததை ஊர் முழுக்கப் பார்த்தது. அந்த அழுகையில் பொய் இல்லை, தங்கச்சி. இப்போதும் ஐந்து மணிக்குக் காது படலைக்குப் போகிறது. இரண்டு கோப்பையையும் கழுவிக் கவிழ்த்து வைக்கிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லவேண்டும். பொன்னையா இந்தச் சிறுபோகம் விதைக்கவில்லை. கண் சத்திரசிகிச்சைக்கென்று சித்திரையிலேயே வவுனியாவில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அவருடைய வயலில் புல்தான் நிற்கிறது. யாரும் அங்கே போய்ப் பார்க்கவில்லை, அவரைக் கேட்கவுமில்லை. செயலாளர் சொன்னால் சரியாக இருக்கும் என்றுதான் விட்டிருப்பார்கள். ஒரு பிளேனை இழுக்கத் துருசில் ஒரு சுற்றுப் போதும். நான் கடைசிச் சுற்று வரை திருகியிருந்தேன். ஏன் என்று நானே என்னைக் கேட்டுப் பார்த்தேன். அவன் இறங்குவான் என்று எனக்குத் தெரியும். எப்போதும் அவன்தானே இறங்குவான்.

“போகாதை ஜனா” என்று அவனிடம் ஒருநாளும் சொன்னதில்லை. குசினியில் சொல்லியிருக்கலாம், அவன் பென்சில் பிடித்திருந்த அன்று சொல்லியிருக்கலாம், கட்டில் அவன் செருப்பைக் கழற்றியபோதும் சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது. பெண்சாதி பிள்ளையிடம் போகிறவனை அயல்வீட்டுக்காரன் என்ன உரிமையில் மறிப்பது?

இந்தக் கடிதத்தை நீங்கள் பொலிசுக்குக் கொடுக்கலாம், அது உங்கள் விருப்பம். அதற்காகத்தான் கையெழுத்தும் திகதியும் போட்டிருக்கிறேன்.

கொக்கின் துண்டு அனுப்பமாட்டேன், ஏனென்றால் அது துண்டாகவில்லை. தண்ணீர் ஊறிய பேப்பரை உரித்துப் புதிது ஒட்டியிருக்கிறேன். பென்சில் கோடும் போய்விட்டது. ஆட்டைத் திவசத்துக்குத் தேனுகாவையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னீர்கள். அப்போதும் சோளகம்தான், கட்டில் நல்ல காற்று இருக்கும். தகப்பனின் பிளேனைப் பிள்ளை ஒருதரம் தன் கையால் விடட்டும். பயப்படாதீர்கள், பின்னால் நின்று சரி பார்க்க நான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
பரமேஸ்வரன்
கருங்காலிக்குளம், ஆவணி 14