பெரியவர்களுக்கு மட்டும் என்று எழுதியிருந்த மாடி ஹால்

பெயர்: பேச்சிராஜ். வயது: 36. தந்தை பெயர்: மூக்காண்டி. முகவரி: தெற்குத் தெரு, பனவடலிசத்திரம். படிப்பு: பத்தாம் வகுப்பு, கணக்கில் தேர்ச்சி இல்லை. தொழில்: சொந்தமாக லோடு ஆட்டோ ஓட்டுதல்.

நான் மேற்படி முகவரியில் மனைவி யோகலட்சுமி, இரண்டு ஆண் பிள்ளைகளுடன் குடியிருந்து வருகிறேன். சங்கரன்கோவிலில் ஓட்டல் நடத்திவரும் ஜெயசித்ரா என்பவர் என்னைக் கைக்குழந்தையுடன் மாடிப்படியிலிருந்து தள்ளிவிட்டதாக என் மைத்துனர் பாண்டியராஜ் கொடுத்துள்ள புகார் தொடர்பாகக் காவல் நிலையத்தில் விசாரித்ததில் பின்வருமாறு சொல்கிறேன்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை கோவிலில் என் இளைய மகனுக்கு மொட்டை போட்டோம். மொட்டை இளையவனுக்கு, அழுதது மூத்தவனும் சேர்ந்து. அதன் பிறகு சாப்பிடுவதற்காக மேற்படி ஓட்டலுக்குப் போனோம். கீழே உட்கார இடம் இல்லாததால் என் மனைவியும் மைத்துனரும் இடம் பிடிக்க நின்றார்கள். நான் இளையவனை இடுப்பில் வைத்துக்கொண்டு, மூத்தவனைக் கையில் பிடித்துக்கொண்டு மாடிக்குப் போனேன். மாடிக் கதவில், பெரியவர்களுக்கு மட்டும், பிள்ளைகளுடன் வருவோர் கீழே அமரவும் என்று எழுதியிருந்தது. வாசிக்கவில்லை என்று சொன்னால் பொய். இங்கே வண்டி நிறுத்தாதே என்கிற போர்டுக்கு நான் என்ன மரியாதை கொடுப்பேனோ, அதையே இதற்கும் கொடுத்தேன்.

உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. பேச்சுச் சத்தம் இல்லை. ஒருவர் காப்பியைச் சூடாகக் குடித்துக்கொண்டிருந்தார். மூத்தவன் பிறந்த பிறகு நான் அப்படிக் குடித்ததாக ஞாபகம் இல்லை. அந்த அமைதிக்கு ஆசைப்பட்டுத்தான் உட்கார்ந்தேன். அதைக் கெடுக்கிற ஆட்களை நானே கூட்டி வந்திருக்கிறேன் என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை.

அதன் பிறகு மூத்தவன் சாம்பார்க் கிண்ணத்தைத் தன்மேல் கவிழ்த்துக்கொண்டான். அவனைக் கழுவிவிட வேண்டியிருந்ததால், பக்கத்து மேஜையில் கணவருடன் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் மடியில் இளையவனை வைத்து, 'ஒரு நிமிசம் பிடிச்சுக்கிடுங்கக்கா' என்று சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போனேன். பஸ்ஸிலும் கல்யாண வீட்டிலும் அப்படித்தான் கொடுப்போம். யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

திரும்பி வந்தபோது பிள்ளை அவர் தோளில் சாய்ந்து சேலையைச் சப்பிக்கொண்டிருந்தான். மொட்டையில் பூசிய சந்தனம் அவர் கழுத்தில் ஒட்டியிருந்தது. ஒரு கையால் பிள்ளை விழாமல் பிடித்திருந்தார். மறு கை மேஜை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது. கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சும்மா நிற்பது நன்றாக இல்லையே என்று, 'உங்களுக்கு எத்தனை பிள்ளைங்கக்கா' என்று கேட்டேன். அவர் பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டு, பாதித் தோசையில் எழுந்து போனார். கணவரும் பின்னால் போனார்.

அதன் பிறகு ஜெயசித்ரா வந்தார். 'அண்ணாச்சி, கதவுல எழுதியிருக்கத வாசிச்சீகளா?' என்றார்.

'நான் வாசிச்சேன்க்கா. இவனுக்குத்தான் வாசிக்கத் தெரியல' என்று இளையவனைக் காட்டினேன். நான் இப்படிப் பேசினால் பொதுவாகச் சிரிப்பார்கள். அவர் சிரிக்கவில்லை.

'கீழ போங்க, எடம் போட்டுத் தரச் சொல்லுதேன். படியில பாத்து எறங்குங்க' என்றார்.

இறங்கும்போது மூத்தவன் என் வேட்டியை மிதித்தான். ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் அவிழப்போன வேட்டியும் இருந்ததால், கம்பியைப் பிடிக்க எனக்கு மூன்றாவது கை இல்லை. பிள்ளையைத் தூக்கிப் பிடித்தபடி விழுந்தேன். அவனுக்கு ஒன்றும் இல்லை, எனக்கு வலது முழங்கை பிசகியது. ஜெயசித்ரா மேல்படியில் நின்று என்னைப் பிடிக்கத்தான் கையை நீட்டினார். மொட்டையிலிருந்தே எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டிருந்த என் மைத்துனர் கீழே நின்று செல்போனில் எடுத்த வீடியோவில் அந்த நீட்டிய கை மட்டும் இருக்கிறது. அதைத்தான் ஊரெல்லாம் பார்க்கிறார்கள்.

அதன் பிறகு ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். ஜெயசித்ரா அங்கே வந்து, 'பிள்ளைகள வெரட்டணும்னா கீழ தொட்டில் கட்டிப் போட்டிருப்பேனா அண்ணாச்சி? அந்தப் பொண்ணுக்குக் கல்யாணமாயி வருசக்கணக்காவுது. கீழ உக்காந்தா, ஏதும் விசேசம் உண்டாம்மான்னு கேக்காம பக்கத்துல இருக்கவுக எந்திரிக்க மாட்டேங்காக. மேலன்னா யாரும் கேக்க மாட்டாகன்னுதான் வருது' என்றார். நர்ஸ் கையை உயர்த்திப் பிடிக்கச் சொன்னதால், பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

நேற்று என் மைத்துனர் வீட்டுக்கு வந்து, 'அவ தள்ளுனான்னு ஒரு வார்த்த சொல்லுங்கத்தான், ஹாலுக்குப் பூட்டுப் போட வச்சிருவோம். பிள்ளைகள வேண்டாங்கிற கட நமக்கு எதுக்கு?' என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி, 'ஏலே, நீ ரெண்டப் பெத்துட்டு வந்து பேசு. இவுககிட்ட ரெண்டையும் விட்டுட்டு நான் ஒரு நாளு அங்கன போயி ஒத்தையில உக்காரணும்' என்றார். நான் மறுக்கவில்லை. பயமாக இருக்கிறது, ஆனாலும் மறுக்கவில்லை.

ஆகவே ஜெயசித்ரா என்னைத் தள்ளவில்லை, என்மேல் கைகூட வைக்கவில்லை. அவர்மேல் வழக்கு வேண்டாம். அந்த ஹாலையும் மூடச் சொல்ல வேண்டாம்.

அந்தப் பெண்ணையும் சாட்சியாக அழைக்க வேண்டியிருக்கும் என்று ஐயா சொன்னீர்கள். அவர் பெயர் எனக்குத் தெரியாது, நான் விசாரிக்கவும் இல்லை. அழைத்தால் அவரிடமும் பெயர், வயது, முகவரி, அதன் பிறகு பிள்ளைகள் எத்தனை என்று கேட்டுத்தான் எழுதுவீர்கள். அந்தக் கேள்வியை நான் ஒரு தடவை கேட்டாயிற்று. போதும்.

இவ்வளவும் நான் சுயநினைவோடு, யார் தூண்டுதலும் இல்லாமல் சொன்னது. வாசித்துக் காட்டக் கேட்டேன், சொன்னபடியே உண்மையாக எழுதப்பட்டிருக்கிறது.

(ஒப்பம், இடது கையால்)
மூ. பேச்சிராஜ்