சுரங்கத்துக்கை நிண்டது ஆர்

ஓம் பிள்ளை, நீங்கள் மொழிபெயர்க்க வந்தனீங்கள், கதை கேக்க வரேல்லை, தெரியும். ஆனா பிரமிட்டைச் சொல்லாமல் இதைச் சொல்லேலாது. அந்தக் காப்புறுதி அதிகாரி கதவைத் திறக்கிறதுக்குள்ளை முடிக்கிறன், இருங்கோ.

பிரமிட்டை ஆர் கட்டினது? சிரிக்காதேங்கோ. என்ரை மச்சான் லக்ஷ்மணன் சொன்னான், வானத்தாலை வந்த ஆக்களாம். அவ்வளவு பெரிய கல்லை மனிசராலை தூக்கேலாதாம். நீ எப்பவாவது ஒரு கல்லுத் தூக்கினனியோடா எண்டு கேட்டன்.

அவன் தூக்கேல்லை. ஆறு வருசம் மலையைக் குடைஞ்சது நான். இந்த இருமல் அந்தக் கல்லுத் தூசிதான். ஆனா கொம்பனிக் கடதாசியிலை அவன்ரை பேர். வேலை கிடைச்சது அவனுக்கு. ரெண்டாம் நாளே உள்ளுக்கை போகப் பயந்திட்டான். எனக்கு அப்ப இந்த நாட்டிலை வேலை செய்யப் பெர்மிட் இல்லை. அவன்ரை வேலை அட்டையைக் கொண்டு நான் போனன். வெள்ளைக்கார மேஸ்திரிக்கு எங்கடை ஆக்கள் எல்லாரும் ஒரே மூஞ்சைதானே.

பிழைதான். இல்லையெண்டு சொன்னனானோ?

கூட வேலை செய்தவங்களுக்குத் தெரியாதோ எண்டோ? அவங்களுக்கும் நான் லக்ஷ்மணன்தான் பிள்ளை.

இப்ப இந்தக் காப்புறுதிக் கந்தோரிலை கேக்கினம், குணசேகரம், அதுதான் நான், சுரங்கத்துக்கை நிண்டதுக்கு என்ன சாட்சி எண்டு. என்ரை நெஞ்சு எக்ஸ்ரே படம் மட்டும் காணாதாம். இண்டைக்குக் கடதாசி குடுக்காட்டி பைலை மூடிப்போடுவினமாம். பிறகு ஆர் என்னை வைச்சுப் பாக்கிறது?

அதுக்குத்தான் போன மாசம் அவன் வீட்டை போனனான். கையிலை என்ரை மகள் எழுதித் தந்த கடிதம். உள்ளுக்கை நிண்டது நானில்லை, குணசேகரம் எண்டு ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். பேனையும் எடுத்திட்டான். அந்த நேரம் பாத்து டிவியிலை பிரமிட். சும்மா வாயை வைச்சுக்கொண்டு இருந்தானோ? மனிசராலை ஏலாது எண்டான்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்திட்டுது. கயிறு கட்டி இழுத்தவன், கல்லுக்குக் கீழை செத்தவன் எல்லாம் உனக்கு மனிசரில்லையோ? என்னையும் இப்பிடித்தானேடா மறைச்சனி எண்டு கடிதத்தையும் பேனையையும் பறிச்சுக்கொண்டு வந்திட்டன். அவனா வந்து மன்னிப்புக் கேக்கட்டும் எண்டு இருந்தன்.

என்ன, அவனுக்குப் போன் எடுத்துக் கேப்பமோ? எடுங்கோ. அவன்ரை மகன் நிருசன்தான் எடுப்பான். அவன் பாவம், அப்ப பிறக்கவுமில்லை. செத்த தேப்பனுக்கு முந்தநாள்தான் எட்டுச் செலவு முடிச்சவன். நான் செத்தவீட்டுக்கும் போகேல்லை.

பேனை இஞ்சை கிடக்கு.