குட்டியைச் சுட வேண்டாம்

எங்கள் பண்ணைக் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உவர்க்கும். மனிதர்களுக்குப் பிடிக்காது, ஆனால் குதிரைக்கு நல்லது, எலும்பு கெட்டிப்படும் என்று அப்பா சொல்வார். அதனால்தான் பேரிகைக்கும் பாகலூருக்கும் நடுவில் இந்த மேட்டு நிலத்தை வாங்கிப் பந்தயக் குதிரை வளர்க்க ஆரம்பித்தார். இன்ஸ்பெக்டர் ஐயா, நேற்று நீங்கள் குடித்துவிட்டு முகம் சுளித்தது அந்தத் தண்ணீரைத்தான்.

நாளைக் காலை குட்டியைச் சுடப் போவதாகச் சொன்னீர்கள். ஆளைக் கொன்ற குதிரையை விட்டுவைக்க முடியாது என்றீர்கள். அது ஆளைக் கொல்லவில்லை. என் அண்ணன் நாராயணப்பனைக் கொன்றவன் அவர் தம்பி முனிவேல், நான்தான். என்னை யாரும் சந்தேகப்படவில்லை. இருந்தாலும் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்குப் பிறகு பண்ணை அண்ணன் கைக்கு வந்தது. அவர் பெங்களூரில் படித்தவர். குதிரை வாங்க வருகிற பெரிய மனிதர்களிடம் பேசுவது அவர் வேலை. நான் எட்டாவதோடு நின்றவன். லாயம் என் பொறுப்பு. பெண் குதிரைகள் பெரும்பாலும் இருட்டில்தான் குட்டி போடும், அதனால் பதினாறு வருஷமாக ராக்காவலும் எனக்குத்தான். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

ஐம்பத்துநான்காம் வருஷம் மாசி மாதம் என் மனைவி ரங்கம்மாவுக்கு வலி எடுத்தது. முதல் பிரசவம். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, ஓசூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று மருத்துவச்சி காலையிலேயே சொல்லிவிட்டாள். அதே நேரத்தில் பண்ணையின் நல்ல பெண் குதிரைக்கும் குட்டி மாட்டிக்கொண்டது. வீட்டில் இருந்தது ஒரே ஜீப். அண்ணன் அதைக் குதிரை டாக்டரைக் கூட்டிவர எல்லைக்கு அந்தப் பக்கம் சர்ஜாபுரத்துக்கு அனுப்பினார்.

“பொம்பளைங்க எப்படியும் பெத்துக்குவாங்கடா. இந்தக் குதிரை போச்சுன்னா மறுக்கா வராது. ரங்கம்மாவ வண்டியில ஏத்தச் சொல்லு” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

மாட்டுவண்டியில் கொண்டுபோனார்கள். பாகலூர் ஏரிக்கரையைத் தாண்டவில்லை. பிள்ளையும் அவளோடு போயிற்று. லாயத்துக் குட்டி பிழைத்தது. செந்நிறம், நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அந்தக் குட்டி பிறந்ததற்காக அண்ணன் லாயத்து ஆட்களுக்குப் புது வேட்டி எடுத்துக் கொடுத்தார். எனக்கும் ஒன்று கொடுத்தார். கட்டிக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஆயுத பூஜை அன்று குடும்பத்தில் மூத்தவர், பேட்டா என்று நாங்கள் சொல்கிற சரிகைத் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு குதிரையின் கொட்டடிக்குள்ளும் தனியாகப் போய் அதன் நெற்றியில் குங்குமம் வைப்பார். இளையவன் வெளியே நின்று கதவுக் கட்டையைப் பிடித்துக்கொள்வான். குங்குமம் வைக்காமல் மூத்தவர் திரும்பினால் அந்த வருஷம் லாயத்தில் சாவு விழும் என்பார்கள். மற்ற நாட்களில் பேட்டா பெட்டிக்குள் இருக்கும்.

இந்தப் பங்குனியில், குட்டிக்கு ஒரு வயது முடிந்ததும் தொடங்கினேன். அண்ணன் வெளியூர் போகும் நாட்களில் பேட்டாவை எடுத்துக் கட்டிக்கொண்டு குட்டியிடம் போவேன். சவுக்கு தழும்பு வைக்கும், அதனால் அதைத் தொடவில்லை. லாடம் அடிக்கும்போது குதிரை அசையாமல் இருக்க மேலுதட்டில் ஒரு கயிற்றுச் சுருக்குப் போடுவோம். அதைப் போட்டு, கண்ணில் வெள்ளை தெரியும்வரை முறுக்குவேன். பிறகு வெளியே வந்து பேட்டாவைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுந்தலையோடு வெல்லம் கொண்டுபோவேன். என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு நடுங்கும். நடுக்கம் நிற்கும்வரை தடவிக்கொடுப்பேன். ஏழு மாதம் இப்படி.

குதிரைக்காரன் சென்னப்பன் ஒரு தரம் பார்த்துவிட்டான்.

“இன்னா சின்னவரே, பெரியவரு பேட்டாவ கட்டினு நிக்கறீங்க?”

“பண்டிகை அன்னிக்குக் குட்டி மிரளக்கூடாதில்ல. இப்பவே பழக்கறேன்.”

“அதுக்குன்னு நீங்களா? முளைக்குச்சிக்குச் சீலை சுத்தினாப்பல இருக்குது.”

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன்.

அடுத்த வாரம் குட்டியைப் பந்தயப் பயிற்சிக்குப் பெங்களூர் அனுப்புவதாக இருந்தது. இந்த ஆயுத பூஜையை விட்டால் எனக்கு வேறு நாள் இல்லை.

பூஜை அன்று வீட்டு வாசலில் மேளம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் ஐந்து குதிரைகளுக்குக் குங்குமம் வைத்துவிட்டு ஆறாவதாகக் குட்டியிடம் வந்தார். அது காதுகளைப் பின்னால் மடித்துக்கொண்டது. அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். அப்போதே வெளியே வந்திருக்கலாம். குங்குமம் வைக்காமல் வர அவருக்கு மனம் இல்லை. கையை நீட்டிக்கொண்டு இன்னும் ஒரு அடி வைத்தார். முதல் உதையில் தொடை எலும்பு முறிந்தது.

“முனி, கட்டைய எடுடா” என்றார். நான் எடுக்கவில்லை.

இதுவரை கேட்டால், கொன்றது குதிரைதானே என்பீர்கள். இனிமேல் சொல்வதுதான் முக்கியம். அவர் விழுந்ததில் பேட்டா கழன்று உருண்டது. உடனே குட்டி அடங்கிவிட்டது. மூலையில் போய் நின்றுகொண்டது. அண்ணன் உயிரோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். குட்டிக்கு அவர்மேல் எந்தப் பகையும் இல்லை. நான் உள்ளே போனேன். வைக்கோலில் கிடந்த பேட்டாவை எடுத்து, தூசி தட்டி, அவர் தலையில் வைத்து அழுத்தினேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. “ரங்கம்மாவுக்கா?” என்று மட்டும் கேட்டார்.

ஆமாம் என்றேன். வெளியே வந்து கட்டையைப் போட்டேன். அதற்குப் பிறகு அதிக நேரம் ஆகவில்லை. சென்னப்பன் ஓடி வந்தபோது நான் கட்டையை எடுத்துக்கொண்டிருந்தேன். காப்பாற்றப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டான்.

ஆகவே குட்டியை விட்டுவிடுங்கள். தலையில் துணி இல்லாமல் யார் போனாலும் அது பசுவைப் போல நிற்கும். வேண்டுமானால் நீங்களே தொப்பியைக் கழற்றிவிட்டுப் போய்ப் பாருங்கள்.

இன்று காலை முதலில் அண்ணி சரோஜம்மாளிடம்தான் இதைச் சொன்னேன். ரங்கம்மாவுக்காகச் செய்தேன் என்றும் சொன்னேன். அண்ணி அழவில்லை.

“வண்டியில அவ தலைய மடியில வெச்சிருந்தது நானு. உன் பேரச் சொல்லிக் கூப்பிட்டுனே இருந்தா. நீ எங்க இருந்தே முனிவேலு?” என்று கேட்டாள்.

இது என்ன கேள்வி ஐயா. லாயத்தில்தான் இருந்தேன். டாக்டர் வரும்வரை யாராவது உள்ளே கை விட்டுக் குட்டியின் காலைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த நேரத்தில் கையை எடுத்துவிட்டு யார் எழுந்து போவார்கள்?