குஞ்சுக்கு எத்தனையாம் நாள்

நாமக்கல்லில் ஏறிய சேலம் பேருந்து ராசிபுரம் தாண்டியபோது, எனக்கு முன் இருக்கையில் இருந்த வேட்டிக்காரர் திடீரெனச் சத்தம் போட்டார்.

"கோழிக்குஞ்சுக்கு நாள் எண்ணத் தெரியாதவளுக்கு எதுக்கு அம்மிணி கம்ப்யூட்டரு?"

அவர் பக்கத்தில் மடிக்கணினிப் பையோடு இருந்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும்.

"நீங்க கேட்டீங்கன்னுதானுங்க மாமா பண்ணைக்கு வெப்சைட் பண்ணிக் குடுத்தேன். ஜாவாஸ்கிரிப்ட்ல எழுதுன கணக்குங்க, இன்னைக்குத் தேதியில குஞ்சு பண்ணையில வந்து எறங்குன தேதியக் கழிச்சா வயசு வந்துருமுங்க."

"திங்கக்கெழம எறங்குன குஞ்சுக்கு ஞாயித்துக்கெழம எத்தனையாம் நாளு?"

"ஆறுங்க."

"ஏழு! எறங்குன நாளே ஒண்ணாம் நாளு. வெள்ளிக்கு வெள்ளி எட்டுன்னுதான நம்மூட்டுல எண்ணுவோம்? நீயும் அங்கதான வளந்த?"

"கழிச்சா ஆறுதானுங்க மாமா வரும்."

"கழிக்கச் சொன்னது ஆரு? எண்ணத்தான் சொன்னேன். ஏழாம் நாளு, சீக்கு வராம இருக்கக் கண்ணுல சொட்டு மருந்து உட ஆளுங்க வந்தாங்க. பண்ணையில இருந்தவன் செல்லுல உன்ற வெப்சைட்டப் பாத்துட்டு, இன்னும் ஆறுதான், நாளைக்கு வாங்கன்னு திருப்பி அனுப்பிட்டான். அவுங்களுக்கு மறுநாளு வேற பண்ணை. திரும்பி வர ஒரு வாரம் ஆச்சு. அதுக்குள்ள சீக்கு வந்துருச்சு."

அவள் மடிக்கணினியைத் திறந்து எதையோ தட்டினாள். மல்லூர் வந்தபோது மூடினாள்.

"ஒண்ணு கூட்டிட்டேனுங்க மாமா. இனிமே சரியாக் காட்டும்."

"ஆருக்குக் காட்டும்? கோழி செட்டுல ஒத்தக் குஞ்சு இல்ல."