பதினாறாவது கட்டம்

— இந்தப் பிரிண்டர்ல இதுக்கு முன்னாடி யாருக்குப் பட்டை அடிச்சீங்க அண்ணி?

— ஏழாம் படுக்கைக்கு. 'பென்சிலின் ஆகாது'ன்னு குறிப்போட. இந்தம்மாவுக்குக் குறிப்பே போடல. ஆனா பேருக்குப் பின்னால வால் மாதிரி அதே 'பென்சிலின் ஆகாது' ஒட்டிக்கிட்டு வருது பாரு. நோயாளி கையில கட்டுற பட்டை தம்பி. டாக்டர் அதைப் பாத்துத்தான் மருந்து எழுதுவார்.

— எல்லாருக்கும் வருதா?

— இல்ல. மூணு வாரமா கெட்ட பட்டையெல்லாம் கையுறை டப்பாவுல சேத்து வச்சிருக்கேன். பதினொண்ணு. எல்லாம் நீளப் பேரு. இனிஷியல், புள்ளி, இடைவெளி சேத்து எண்ணிட்டேன், பதினாறுக்குக் குறைஞ்சது ஒண்ணுகூட இல்ல.

— பாதி வேலைய முடிச்சிட்டீங்க. இந்தப் பிரிண்டரை ஓட்டுற புரோகிராம், டிரைவர்னு சொல்வாங்க, அதோட கோடு யார் வேணா படிக்கலாம், இருங்க... ஆமா. பேருக்குப் பதினாறு கட்டம். ஒட்டினாப்ல குறிப்புக்கு இடம்.

— சரி.

— பேரு முடிஞ்ச கட்டத்துல ஒரு பூஜ்யம் நிக்கணும். அதுவரைக்கும்தான் மெஷின் படிக்கும். பேரு பதினாறையும் அடைச்சுக்கிட்டா, பேரைக் காப்பி பண்ண இவங்க போட்டிருக்கிற ஃபங்ஷன் பூஜ்யம் வைக்காமலே போயிடுது.

— உடனே பக்கத்து வீட்டுக்குள்ள நுழைஞ்சிடுதா?

— அதேதான். குறிப்பு இல்லாதவங்களுக்கு அந்த இடத்தைத் துடைக்கிறதும் இல்ல. போன ஆளோடது அப்படியே கிடக்கு.

— மாத்த முடியுமா?

— என் லேப்டாப்ல மாத்தி, இந்தப் பிரிண்டரை மாட்டிட்டேன். புது ஃபங்ஷன் கடைசிக் கட்டத்துல கண்டிப்பா பூஜ்யம் வைக்கும். பழசு மாதிரி மீதிக் கட்டத்தையெல்லாம் பூஜ்யத்தால நிரப்பிக்கிட்டு உக்காராது, வேலையும் சுருக்கு. அடிங்க.

— வால் போச்சு. ஆனா பேரு பாதியில நிக்குதே.

— பதினஞ்சுதான் கொள்ளும்.

— இரட்டைப் பிள்ளைங்களுக்கு அம்மா பேரைப் போட்டுக் கடைசியில ஒண்ணு, ரெண்டுன்னு போடுவோம். அந்த ஒண்ணும் ரெண்டும் வெட்டுப்பட்டா எது எந்தப் பிள்ளை?

— 'கொள்ளல, வெட்டிட்டேன்'னு அந்த ஃபங்ஷன் திருப்பிச் சொல்லும் அண்ணி. நான்தான் காதுல வாங்கல. இப்ப பாருங்க. பேருக்கு அறுபத்தி நாலு கட்டம். அதுக்கும் மேல போனா வெட்டாது, பட்டையே அடிக்காது.

— ஒண்ணு... ரெண்டு... ரெண்டும் முழுசா வந்திருக்கு.

— டிரைவரைப் பாத்துக்கறவங்களுக்கு எழுதி அனுப்பிடறேன்.

— எனக்கும் ஒண்ணு எழுதிக் குடு. கம்ப்யூட்டர் தெரியாதவங்களுக்கும் புரியணும்.

— பெரிய டாக்டருக்கா?

— இல்ல. போன மாசம் ஒருத்தருக்கு இந்த வாலைப் பாத்து பென்சிலினுக்குப் பதிலா வேற மருந்து குடுத்து, அது கேக்காம மனுஷன் பத்து நாள் காய்ச்சல்ல கிடந்தாரு. பட்டை அடிச்ச நர்ஸ் 'நான் அப்படி அடிக்கவே இல்ல'ன்னு தலையில அடிச்சுக்கிட்டு அழுதா. வேலைய விட்டு அனுப்பியாச்சு.

— அடப்பாவமே. யாரு விசாரிச்சாங்க?

— ஹெட் நர்ஸ்னு நான்தான். அவ பொய் சொல்றாள்னு எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.