குட்டிப்பயலின் பங்கு விலை

காத்திருக்கும் அறையில் மீன் தொட்டி வைத்திருக்கிறீர்கள், டாக்டர். அழகாக இருக்கிறது. மீன்களுக்குத் தீனி போடுவது யார் என்று வரவேற்பில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். யார் சும்மா இருக்கிறார்களோ அவர்கள் போடுவார்களாம். அப்படி விடக்கூடாது. பொறுப்பு ஒருவர் தலையில்தான் இருக்க வேண்டும்.

என் மாமனாரின் மறதியைப் பற்றிப் பேசத்தான் என்னைத் தனியாக அழைத்தீர்கள். பேசுவோம். முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தலையும் புரியாது, வாலும் புரியாது. ஒரு பங்குத் தரகு நிறுவனத்தில் வேலை. எந்தக் கம்பெனியின் பங்கை வாங்கலாம், எதை விற்கலாம் என்று ஆராய்ந்து அறிக்கை எழுதுவேன். சென்ற வருடம் என் மேஜைக்கு வந்தது, பொம்மையும் வீடியோ கேமும் செய்கிற ஒரு ஜப்பானியக் கம்பெனி. வீடியோ கேம் பக்கம் சுமார்தான். பணம் கொட்டியது ஒரு சின்னப் பொம்மையில். உள்ளங்கையில் அடங்குகிற முட்டை, அதன் திரையில் ஒரு பிராணி. பசித்தால் கீச்கீச்சென்று கத்தும். பொத்தானை அழுத்தினால் சாப்பிடும், வளரும். கவனிக்காமல் விட்டால் செத்துப்போகும். செத்தால் அந்த முட்டை அத்தோடு சரி. வேண்டுமென்றால் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

அந்தப் பங்கின் மொத்த மதிப்பும் அந்த 'வேண்டுமென்றால்' என்ற சொல்லில்தான் இருந்தது. ஆண்டறிக்கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். எத்தனை முட்டை விற்றது என்று இருந்தது. செத்த பிறகு எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று இல்லை. சந்தையோ பங்குக்கு யானை விலை வைத்திருந்தது. எடுத்தேன் கவிழ்த்தேன் என்று எழுத எனக்கு மனம் வராது.

ஒரு முட்டையை வாங்கி மாமனாருக்குக் கொடுத்தேன். பரிசாகத்தான். ரயில் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். மாமியார் போனதிலிருந்து ஜன்னலே கதி என்று உட்கார்ந்திருந்தார். முதலில், "எனக்கெதுக்கு இந்தச் சின்னப்பிள்ளை சமாச்சாரம்?" என்றார். சாயங்காலத்துக்குள் அதற்குக் குட்டிப்பயல் என்று பெயர் வைத்துவிட்டார். அப்புறம் அது அவர் சட்டைப் பையை விட்டு இறங்கவே இல்லை.

"மாப்பிள்ளை, இவன் பசிச்சா என்னைத்தான் கூப்பிடறான்," என்று சிரித்தார். "இந்த வீட்டுல வேற யாரு என்னைக் கூப்பிடறீங்க?"

அவர் சிரித்தது எனக்கும் சந்தோஷமாக இருந்தது, டாக்டர். நான் கல் நெஞ்சக்காரன் இல்லை.

மதியம் சாப்பிட்டதும் கொஞ்சம் கண்ணயர்வார். கூப்பிட்டால் காதில் விழ வேண்டுமே என்று குட்டிப்பயலைத் தலையணையை ஒட்டி வைத்துக்கொள்வார். முட்டையின் பின்பக்கம் சத்தத்தை அணைக்க ஒரு சின்னப் பொத்தான் உண்டு. அதை அழுத்தினேன். நான் செய்தது அவ்வளவுதான். அது வாயைத் திறந்து திறந்து மூடியது. அவர் எழுந்திருப்பதற்குள் போய்விட்டது. பொத்தானைப் பழையபடி மாற்றி, தலையணைப் பக்கத்திலேயே வைத்தேன். எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைப்பது என் வழக்கம்.

"கேக்கவே இல்லையேப்பா," என்றார். "ஒரு சிக்னலைக்கூட விட்டவன் இல்லையே நான்."

மறுநாள் கடை திறக்கும் முன்பே வாசலில் போய் நின்று இன்னொன்று வாங்கி வந்தார். நான் 'வாங்கலாம்' என்று அறிக்கை எழுதினேன்.

மேலாளர் மூக்கால் சிரித்தார். "ஒரே ஒரு ஆளை வச்சா முடிவு பண்ணினே?"

"ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம், சார்."

"அந்தச் சோறு வெந்துதான்னு இன்னொரு தடவை அமுக்கிப் பாரு."

நியாயமான பேச்சு. அதற்குள் கம்பெனியும் முட்டையின் விலையைக் கூட்டியிருந்தது. விலை கூடினால் வாங்குவாரா என்று தெரிய வேண்டாமா? இரண்டாவது குட்டிப்பயலும் ஒரு மதியம் போய்ச் சேர்ந்தான். மாமனார் கூடின விலைக்கு இரண்டு முட்டைகளாக வாங்கினார். ஒன்று போனாலும் ஒன்று இருக்கட்டும் என்று. ஆள் ஒன்று, விற்பனை இரண்டு. இப்படி ஒரு வளர்ச்சியை எந்த ஆய்வாளனும் கனவில்கூடக் கண்டிருக்கமாட்டான். பங்கும் ஏறியது, எனக்குப் பதவி உயர்வும் வந்தது.

அந்த இரண்டு முட்டைகளின் சத்தத்தையும் ஒரே மதியத்தில் அணைத்துப் பார்த்தேன். கம்பெனியின் விற்பனைக்குக் கூரை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேறு வழி இல்லை.

இந்த முறை அவர் கடைக்குப் போகவில்லை. அடுக்களையில் நின்றிருந்த என் மனைவியிடம் போய் வீட்டுச் சாவியைக் கொடுத்தார். "அடுப்பு கிட்ட என்னைத் தனியா விடாதம்மா. என்னை நம்பி எதையும் விடாதீங்க," என்றார். பிறகு, "உங்கம்மாவும் போன அன்னைக்கு என்னைக் கூப்பிட்டிருப்பாளோ, எனக்குத்தான் கேக்கலியோ," என்று கேட்டார். என் மனைவி அழுதாள். நான் அவள் தோளில் கை வைத்து ஆறுதல் சொன்னேன். பிறகு அறைக்குள் போய் 'விற்கலாம்' என்று அறிக்கையை மாற்றினேன். இரண்டே வாரத்தில் பங்கு பாதியாய்ச் சரிந்தது. அலுவலகத்தில் எனக்குக் கைதட்டினார்கள்.

ஆகவே மறதிக்கு நீங்கள் கொடுத்த மாத்திரைகளை நிறுத்திவிடுங்கள், டாக்டர். அவருக்கு மறதி இல்லை, காதும் கூர்மை. எல்லாவற்றையும் கொன்றவன் நான். ஆனால் இதை அவரிடம் சொல்ல வேண்டாம். மாப்பிள்ளை மேல் மிகுந்த மரியாதை வைத்திருக்கிறார், மனசு கஷ்டப்படும். என்னால் ஒருவர் மனம் நோவதை நான் விரும்புவதில்லை.

நீங்கள் சொன்னபடி என் மனைவி அவருக்கு ஒரு நாய்க்குட்டி வாங்கிக் கொடுத்திருக்கிறாள். நல்ல யோசனை. மனிதர் மறுபடி சிரிக்கிறார். குட்டிப்பயல் என்றுதான் கூப்பிடுகிறார். மதியம் இரண்டு பேரும் ஒன்றாகத் தூங்குகிறார்கள்.

ஏன் முகம் மாறுகிறது? மேலாளர் நேற்று எனக்குப் புதுக் கோப்பு கொடுத்தார், அதையும் மறைக்கவில்லை. நாய்த்தீனி தயாரிக்கிற கம்பெனி. அங்கேயும் கேள்வி அதேதான், நாய் போய்விட்டால் வாடிக்கையாளர் திரும்பி வருவாரா என்று. அதற்காக நீங்கள் பயப்பட வேண்டாம். நாய்க்குட்டிக்குச் சத்தத்தை அணைக்கும் பொத்தான் கிடையாது. நேற்றே தேடிப் பார்த்துவிட்டேன்.